போனபடியே திரும்பி வரணும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதியபோது, ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ், பேராசிரியர்கள் பற்றியெல்லாம் எழுத நம்மில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு என்று தோன்றியது. ஆகவே நான் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு சின்னச் சரித்திரத்தைச் சொல்கிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாதி தூரமாவது கூட வாருங்கள்.

மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட்டைத் தட்டியவர்களுக்கு இந்தக் கதையின் முதல் பாடம் ஏற்கெனவே தெரியும். சப்ரூட்டீன் எழுதும்போது ஆரம்பத்தில் வரிசையாக புஷ், முடிவில் தலைகீழ் வரிசையில் பாப். ஒரு பாப் குறைந்தால் போச்சு, புரோகிராம் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். மெயின் புரோகிராம் பி, சி ரெஜிஸ்டர்களில் எண்ணிக்கையை வைத்திருக்கும். சப்ரூட்டீன் அதே ரெஜிஸ்டரைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டால், எடுத்தபடி திருப்பி வைத்துவிட்டுப் போகணும். விதி அவ்வளவுதான்.

இதே விதியை ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் எப்படிக் காப்பாற்றுகிறது, காப்பாற்றுகிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். சாதாரணப் புரோகிராம் ஃபைலைப் படிக்கவோ, நெட்வொர்க்கில் எழுதவோ நேரடியாக ஹார்டுவேரைத் தொட முடியாது. கெர்னலிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால். கேட்ட கணத்தில் பிராசசர் உள்ளே, கெர்னலின் ராஜ்யத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் ரெஜிஸ்டர்கள் இரண்டு பேருக்கும் பொது. கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். உள்ளே போய் வரும்போது நம் ஜோடி அப்படியே இருக்க வேண்டும். இல்லாமல் போனால் நமக்கு நஷ்டம். வேறொருவர் செருப்பு நம் கைக்கு வந்தால் அது இன்னொரு வகைச் சிக்கல். இந்த இரண்டாவது வகைக்குப் பின்னால் வருகிறேன்.

1964-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360-க்கு 16 பொது ரெஜிஸ்டர்கள். எஸ்.வி.சி. என்ற ஒற்றை இன்ஸ்ட்ரக்ஷன் மூலம் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிடுவார்கள். 0, 1, 15 ஆகிய ரெஜிஸ்டர்களில் பதில் வரலாம், 2 முதல் 13 வரை போனபடியே திரும்பும் என்பது ஏற்பாடு. இது ஹார்டுவேர் கொடுக்கிற உத்தரவாதம் இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினவர்கள் கொடுத்த வாக்கு. எந்த ரெஜிஸ்டரைப் பறிகொடுக்கலாம், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு சிஸ்டமும் தனக்குத் தானே தீர்மானித்துக்கொள்கிறது.

பெல் லேப்ஸில் பிறந்த யூனிக்ஸ் கதை இன்னும் சுவாரசியம். 1975-ல் வெளியான ஆறாம் பதிப்பின் கெர்னலில், ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற இடத்தில், இது உங்களுக்குப் புரியும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்கிற தோரணையில் ஒரு கமென்ட் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் அந்தக் கெர்னல் முழுவதையும் அச்சிட்டு, வரிவரியாக உரை எழுதி மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அடுத்து வந்த ஏழாம் பதிப்பின் லைசென்ஸில் வகுப்பில் பாடமாக வைக்கக் கூடாது என்று ஏ.டி. அண்ட் டி. தடை போட்டதும், லயன்ஸின் உரை உலகமெங்கும் ஜெராக்ஸாகவே சுற்றியது. 1996-ல்தான் முறையாகப் புத்தகமாயிற்று. அந்தக் கமென்ட் பிரபலமானதும் இதனால்தான்.

அந்த வரி படிப்பவனை மட்டம் தட்டுவதாகப் பலர் நினைத்தார்கள். அதை எழுதினவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பிற்பாடு கொடுத்த விளக்கம் வேறு: உண்மையில் எங்களுக்கே அங்கே என்ன நடக்கிறது என்று சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றார். ஒரு பிராசஸ் சிஸ்டம் காலுக்குள் இருக்கும்போது காத்திருக்க நேர்ந்தால், அதன் ரெஜிஸ்டர் நிலையை ஒரு ஃபங்ஷன் சேமித்து வைக்கும். பிறகு வேறொரு ஃபங்ஷன் அந்த ஸ்டாக்குக்குத் தாவி, தன்னுடைய ரிட்டர்ன் வழியாகவே வெளியே வரும். பி.டி.பி.-11 கம்பைலர் எல்லா ஃபங்ஷனிலும் ஒரே மாதிரி ரெஜிஸ்டர்களைச் சேமித்ததால் இந்த வித்தை பலித்தது. யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற மெஷினுக்குக் கொண்டுபோனபோது, அங்கே கம்பைலர் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் வேறு வேறு ரெஜிஸ்டர்களைச் சேமித்தது. வித்தை பலிக்கவில்லை, அந்த ஏற்பாட்டையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. பல வருஷம் வேலை செய்த கோடு சரியான கோடு என்று அர்த்தமில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1991-ல் லினக்ஸ் வந்தது, 386 பிராசசருக்காக. சிஸ்டம் காலுக்கு 80 என்ற ஹெக்ஸ் எண்ணுள்ள சாஃப்ட்வேர் இன்டரப்ட். இதை இன்ட்-80 என்று சொல்வோம். பதில் ஈ.ஏ.எக்ஸ். ரெஜிஸ்டரில் வரும், மற்றவை அப்படியே இருக்கும். ஆரம்ப கெர்னலில் சில ரெஜிஸ்டர்களை அசெம்பிளி கோடு நேராக ஸ்டாக்கில் தள்ளிவைக்கும். மீதியை, சி ஃபங்ஷன்கள் தாங்கள் தொடுவதைத் திருப்பி வைத்தே ஆகணும் என்ற கம்பைலர் விதி பார்த்துக்கொள்ளும். மொத்தமே எட்டு ரெஜிஸ்டர். இதற்கு ஒரு சோதனைப் புரோகிராம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததில் ஆச்சரியமில்லை.

சிக்கல் வேகத்தின் பேரில் வந்தது. பென்டியம் 4-ல் இன்ட்-80 ரொம்ப மெதுவாக இருந்ததால், 2002 டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் சிஸ்என்டர் என்ற புது இன்ஸ்ட்ரக்ஷனுக்கு வழி செய்தார். அது எங்கிருந்து வந்தோம் என்ற முகவரியைக்கூடச் சேமிக்காது. எல்லாவற்றையும் சாஃப்ட்வேரே பார்த்துக்கணும். 2003-ல் ஏ.எம்.டி.-யின் 64-பிட் ஆப்டெரான் வந்தது. அதன் சிஸ்கால் இன்ஸ்ட்ரக்ஷன் திரும்பும் முகவரியை ஆர்.சி.எக்ஸ். ரெஜிஸ்டரிலும், ஃபிளாக்குகளை ஆர்11-லும் போட்டுவிடும். அங்கே ஏற்கெனவே இருந்தது போனதுதான். அதனால்தான் சாதாரண ஃபங்ஷனுக்கு நான்காவது விவரம் ஆர்.சி.எக்ஸ்.-ல் போக, லினக்ஸ் சிஸ்டம் காலுக்கு மட்டும் அது ஆர்10-ல் போகிறது. இந்த இரண்டும், பதில் வருகிற ஆர்.ஏ.எக்ஸ்.-உம் தவிர மீதி எல்லாம் பத்திரம் என்பது 64-பிட் லினக்ஸ் கொடுக்கிற வாக்கு.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். 64-பிட் கெர்னலில் பழைய இன்ட்-80 வாசலும் திறந்தே இருந்தது, பழைய 32-பிட் புரோகிராம்களுக்காக. அவற்றுக்கு ஆர்8 முதல் ஆர்15 வரையிலான புது ரெஜிஸ்டர்கள் கண்ணுக்கே தெரியாது. தெரியாததை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? 2004 மார்ச்சில் வந்த 2.6.4 கெர்னலில், ஒரு பெரிய மாற்றத் தொகுப்போடு சேர்ந்து, ஆர்8 முதல் ஆர்11 வரை சேமித்துத் திருப்புவது நின்றுபோனது. ஆர்12-க்கு மேல் உள்ளவை கம்பைலர் விதியால் தாமாகவே பிழைத்தன. ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு எங்கும் ஒரு வரி விளக்கம் இல்லை.

முதல் விளைவு 2009-ல் தெரிந்தது. 32-பிட் புரோகிராம் நினைத்தால் நடுவில் 64-பிட் நிலைக்குத் தாவி அந்த ரெஜிஸ்டர்களை எட்டிப் பார்க்கலாம். உள்ளே கெர்னல் போட்டுவைத்த எண்கள் அப்படியே கிடந்தன! முன்னே சொன்னேனே, அடுத்தவர் செருப்பு கைக்கு வருவது, அதுதான் இது. நாலு எண்தானே என்று தோன்றும். கெர்னல் தன் டேட்டாவை மெமரியில் எங்கே வைத்திருக்கிறது என்று தாக்க நினைப்பவனுக்குத் துப்புக் கொடுக்க ஒரு எண்ணே போதும். இந்த ஓட்டைக்கு சி.வி.இ. 2009-2910 என்று பதிவு எண் கொடுத்தார்கள். யான் பெயுலிச் என்ற டெவலப்பர் செய்த தீர்வு, திரும்பும் முன் அந்த ரெஜிஸ்டர்களில் பூஜ்யம் போட்டுவிடுவது. ஒழுகுவது நின்றது. ஆனால் பழைய மதிப்பு திரும்பவில்லை.

2015-ல் டெனிஸ் விளாசென்கோ என்பவர் இதற்கென்றே ஒரு சோதனைப் புரோகிராம் எழுதினார். கெர்னல் சோர்ஸிலேயே செல்ஃப்டெஸ்ட்ஸ் என்ற டைரக்டரிக்குள், எக்ஸ்86 பிரிவில் அது இருக்கிறது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் டவுன்லோடு செய்து பார்க்கலாம். 32-பிட் புரோகிராமாக ஆரம்பிக்கும். தூர ஜம்ப் ஒன்றைப் போட்டு 64-பிட் நிலைக்குப் போய், ஆர்8 முதல் ஆர்15 வரை அடையாள எண்களை நிரப்பும். திரும்ப 32-பிட்டுக்கு வந்து ஆறு விவரங்கள் எடுத்துக்கொள்கிற ஒரு சிஸ்டம் காலைச் செய்யும். மறுபடி 64-பிட்டுக்குப் போய் எண்களை எடுத்து ஒப்பிடும். அதோடு விடாமல், தன்னையே ஒரு டீபக்கர் கண்காணிக்கும்படி செய்துகொண்டு எல்லாவற்றையும் இரண்டாம் தடவை ஓட்டும். காரணம், யாரும் கவனிக்காதபோது கெர்னல் குறுக்கு வழியில் போகும், கண்காணிப்பு இருந்தால் நீள வழியில் போகும். இரண்டிலும் ரெஜிஸ்டர் சேமிக்கும் கோடு வேறு. (ஆடிட் வந்தால் மட்டும் முறைப்படி நடக்கிற ஆபீஸ்களை நாம் பார்த்ததில்லையா என்ன!)

அந்தச் சோதனையிலேயே ஒரு வேடிக்கை. இன்ட்-80 வழியில் ஆர்8 முதல் ஆர்11 பூஜ்யமாகிவிடும் என்பதை அது குற்றமாகக் காட்டவில்லை. சரித்திரத்தில் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, இருந்தாலும் நடப்பு இதுதான் என்று கமென்ட் எழுதி, அதையே விதியாக ஏற்றுக்கொண்டது. இதைக் குறை சொல்ல முடியாது. கெர்னல் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று எழுதி வைத்த ஆவணமே இல்லாத இடத்தில், சோதனை எழுதுகிறவன்தான் விதியையும் எழுத வேண்டியிருக்கிறது. எது நடக்கிறதோ அதை எழுதி வைத்தால், நாளைக்கு மாறும்போதாவது தெரியும்.

2018-ல் மாறியது. 64-பிட் புரோகிராம்களிலும் சிலர் இன்ட்-80-ஐ நேரடியாக உபயோகிக்கிறார்கள், எல்லா ரெஜிஸ்டரும் பத்திரம் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று ஆண்டி லூட்டோமிர்ஸ்கி கவனித்தார். பூஜ்யத்தை எதிர்பார்த்து யாரும் எழுதியிருக்கப் போவதில்லை. ஆகவே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கோடை மாற்றினார், சோதனையையும் கூடவே மாற்றினார். அந்த வருஷம் ஜூனில் வந்த 4.17-லிருந்து அவை போனபடியே திரும்புகின்றன. 2004 முதல் 2018 வரை, பதினான்கு வருஷம்.

இத்தனை காலம் யாருக்கும் அடிபடவில்லையா? காரணம் எளியது. பெரும்பாலான புரோகிராமர்கள் சிஸ்டம் காலை நேரடியாகச் செய்வதில்லை, சி லைப்ரரியின் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறார்கள். ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஆர்8 முதல் ஆர்11 வரை போய்விடும் என்று கம்பைலர் முன்கூட்டியே கணக்குப் போட்டு, அவற்றில் முக்கியமானதை வைக்காது. ஒரே ஃபங்ஷனுக்குள் இன்ட்-80-உம் இருந்து, அதே நேரம் கம்பைலர் அந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே தப்புத் தெரியும். அப்படித் தெரிந்தாலும் தப்பு நடந்த இடத்தில் தெரியாது. பத்தாயிரம் இன்ஸ்ட்ரக்ஷன் தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டலில் விடை தப்பும். புரோகிராமர் ராத்திரி முழுக்கத் தன் கோடையே சந்தேகப்படுவார். கெர்னலைச் சந்தேகப்பட யாருக்கும் மனசு வராது.

சோதனை எழுதுவதில் உள்ள சூட்சுமத்தையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்கு உபயோகப்படும். முதலில், இதை முழுக்க சி-யில் எழுத முடியாது. ரெஜிஸ்டர்களை நிரப்புகிற வரிக்கும் ஒப்பிடுகிற வரிக்கும் நடுவே கம்பைலரே அவற்றை எடுத்து உபயோகித்துவிடும். நிரப்பி, கூப்பிட்டு, திரும்ப எடுக்கிற பகுதி அசெம்பிளியில்தான் இருக்க வேண்டும். பூஜ்யத்தை நிரப்பக் கூடாது. கெர்னல் அழித்ததா, காப்பாற்றியதா என்று தெரியாமல் போகும். எல்லாவற்றிலும் ஒரே எண்ணையும் போடக் கூடாது; பாப் வரிசை மாறி ஆர்12-உம் ஆர்13-உம் இடம் மாறி வந்தால் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் மேல் பாதி, கீழ் பாதி இரண்டிலும் எண் இருக்க வேண்டும். 64-பிட் ரெஜிஸ்டரை 32-பிட்டாக எடுத்து வைக்கிற தப்பு அப்போதுதான் பிடிபடும்.

இவ்வளவு செய்தும் ஒரு தடவை ஓடித் தேறிவிட்டால் சரி என்று சொல்ல முடியாது. 2019-ல் கோ மொழியின் 1.14 பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு புது ஏற்பாடு: ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நடுவில் நிறுத்த, புரோகிராம் தனக்குத் தானே சிக்னல் அனுப்பிக்கொள்ளும். சிக்னல் சிஸ்டம் காலைவிடக் கண்டிப்பானது. எந்த நொடியில் வரும் என்று தெரியாததால் ஒரு ரெஜிஸ்டர்கூட விதிவிலக்கில்லை, எல்லாமே போனபடி திரும்பணும். சோதனைகளில் மெமரி அங்கங்கே கெட்டுப்போனது. தங்கள் ரன்டைமில்தான் தப்பு என்று நினைத்துத் தேடியவர்கள், கடைசியில் லினக்ஸ் 5.2-லும் அதற்கு அப்புறமும் மட்டும், அதிலும் கெர்னலை ஜி.சி.சி. 9 கம்பைலரில் கம்பைல் செய்திருந்தால் மட்டும் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். தற்போது பிராசசரில் யாருடைய ஃபுளோட்டிங் பாயின்ட் நிலை இருக்கிறது என்று காட்டும் ஒரு மதிப்பை, அது மாறாது என்று எண்ணி புதுக் கம்பைலர் ஒருமுறை படித்துவிட்டு அதையே மறுபடி உபயோகித்தது. சிக்னல் ஸ்டாக்கின் பக்கம் மெமரியில் இல்லாமல் பேஜ் ஃபால்ட் வந்து, அந்த இடைவெளியில் வேறு பிராசஸ் ஓடிவிட்டால், வெக்டர் ரெஜிஸ்டர்கள் கெட்டுப்போயின.

எத்தனை 'வந்தால்' பாருங்கள்! 5.3.15, 5.4.2 பதிப்புகளில் கெர்னலைத் திருத்தினார்கள். பழைய கெர்னல் வைத்திருப்பவர்களுக்காக, 2020 பிப்ரவரியில் வந்த கோ 1.14 தன் சிக்னல் ஸ்டாக் பக்கத்தை மெமரியில் பூட்டி வைத்து ஓடியது. கெர்னலின் சோர்ஸ் அதே, கம்பைலர் மட்டும் புதுசு. இன்டர்டேட்டா கதை நாற்பது வருஷம் கழித்து வேறு வேஷத்தில் வந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

ஏ.ஆர்.எம். பக்கம் இப்போது இன்னும் பெரிய கணக்கு. 64-பிட் ஏ.ஆர்.எம்.-க்கு 31 பொது ரெஜிஸ்டர்களும் 32 வெக்டர் ரெஜிஸ்டர்களும் உண்டு. எஸ்.வி.இ. என்ற நீட்சியில் வெக்டரின் நீளம் பிராசசருக்குப் பிராசசர் மாறும், 128 பிட்டிலிருந்து 2048 பிட் வரை. ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டரில் 512. நீளம் உச்சத்தில் இருந்தால் வெக்டர்கள் மட்டுமே 8 கிலோபைட். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் இதைச் சேமித்துத் திருப்பினால் வேகம் என்னாவது? எனவே லினக்ஸின் வாக்கு குறுகியது: ஒவ்வொரு வெக்டரிலும் கீழ் 128 பிட் பத்திரம், மேலே உள்ளது போய்விடும். போய்விடும் என்றால் என்ன ஆகும் என்று ஆவணம் முதலில் சொல்லவில்லை. நடைமுறையில் கெர்னல் பூஜ்யமாக்கிக்கொண்டிருந்தது. பூஜ்யமாகும் என்பதையே 2022-ல் ஆவணத்திலும் எழுதிவிட்டார்கள்.

அதைச் செய்த மார்க் பிரவுன்தான் 2021 கடைசியில் ஏ.ஆர்.எம்.-க்கான சிஸ்டம் கால் சோதனையையும் எழுதினார். அதுவரை இந்த வாக்கைச் சோதிக்க அங்கே ஒரு புரோகிராமும் இருக்கவில்லை. தாறுமாறான எண்களை ரெஜிஸ்டர்களில் நிரப்பி, இரண்டே இரண்டு சிஸ்டம் கால்களைச் செய்து பார்க்கிறது. ஒன்று தன் பிராசஸ் எண்ணைக் கேட்பது. கெர்னலுக்கு அதைவிடச் சுலபமான வேலை இருக்காது. மற்றொன்று பிராசசரை விட்டுக்கொடுத்து இன்னொருவரை ஓடவிடுவது. அங்கே பிராசஸ் மாறவும் வாய்ப்பு உண்டு. புரோகிராம் வேண்டுமென்றே மிகச் சாதாரண நடையில் எழுதப்பட்டிருக்கிறது. படித்தவுடன் சரி என்று தெரிய வேண்டும், நல்ல கோடு எழுதுவதற்கு இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எனக்கு இந்த அணுகுமுறை ரொம்பப் பிடித்தது. சோதனைப் புரோகிராமே சாமர்த்தியமாக இருந்தால், அதைச் சோதிக்க இன்னொன்று எழுத வேண்டிவரும்.

பிராசசர் எத்தனை வெக்டர் நீளங்களை ஏற்கிறதோ, அத்தனைக்கும் தனித்தனியாக இந்தச் சோதனை ஓடும். 2022-ல் எஸ்.எம்.இ. என்ற அடுத்த நீட்சிக்கும் லினக்ஸ் ஆதரவு வந்தபோது, இசட்.ஏ. என்ற சதுர வடிவ ரெஜிஸ்டரையும் இதில் சேர்த்தார்கள். வெக்டர் நீளம் 2048 பிட் என்றால் அது 256-க்கு 256 பைட், அதாவது 65,536 பைட். நம் 8085 தொடக்கூடிய மொத்த மெமரியே அவ்வளவுதான்! ஸ்ட்ரீமிங் நிலை சிஸ்டம் காலில் கலைந்துபோகலாம், ஆனால் இசட்.ஏ. உள்ளே போனபடியே ஒரு பிட் மாறாமல் வெளியே வரணும் என்பது விதி. சோதனை அதையும் நிரப்பி, எடுத்து, பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்க்கிறது.